புகைப்பட வேலைக்கு எந்த மானிட்டர் வாங்குவது? கேலிபிரேட்டர் (திரையின் நிறத்தை அளந்து சரிப்படுத்தும் கருவி) கட்டாயமா?

மொரிஷியஸில் கல்யாணமும் கோயில் விழாவும் படம் எடுக்கிறீர்கள். லேப்டாப்பில் திருத்திய படங்கள் அச்சில் இருண்டு வருகின்றன. தைப்பூசப் படங்களில் காவடி எடுப்பவர்களின் ரோஜா நிற உடை மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாகிவிடுகிறது. புது மானிட்டர் இரண்டையும் சரி செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்ட் லூயிஸில் நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள்.

அச்சு இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் திரையின் வெளிச்சமே காரணம். பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 250 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) மேல் எரியும். அந்த வெளிச்சத்தில் எந்தப் படமும் பளிச்சென்று இருக்கும், நாமும் படத்தின் வெளிச்சத்தை ஏற்றாமல் இருந்துவிடுவோம். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரையை 80 முதல் 120 நிட்ஸுக்குள் கொண்டுவந்து, ஜன்னல் வெயில் நேரே விழாமல் திரைச்சீலை போட்டு வேலை செய்யுங்கள். இதற்குப் புது மானிட்டர் தேவையில்லை.

ரோஜா நிறம்தான் சிக்கலானது. கடைக்காரர்கள் "அடோபி ஆர்ஜிபி 99 சதவீதம்" என்று காட்டுவார்கள். இவை திரை காட்டக்கூடிய நிறங்களின் வரம்புகள்; சாதாரணத் திரைகளின் வரம்பு எஸ்ஆர்ஜிபி. ஆனால் எஸ்ஆர்ஜிபிக்கும் அடோபி ஆர்ஜிபிக்கும் சிவப்பு முனையும் நீல முனையும் ஒன்றேதான்; பச்சை முனை மட்டுமே தள்ளிப்போகிறது. ஆகவே சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே விழும் காவடி ரோஜாவுக்கு அதனால் பெரிய லாபமில்லை. பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் நம் கடலின் பச்சை நீலத்துக்கு அது நன்றாக உதவும், அச்சிலும் அந்த வித்தியாசம் தெரியலாம். சிவப்பு முனை விரிவது பி3 என்ற இன்னொரு வரம்பில். உங்கள் வேலைக்கு பி3 95 சதவீதமாவது காட்டும் ஐபிஎஸ் வகைத் திரைப் பேனலைத் தேடுங்கள். விஏ என்ற மற்றொரு வகைப் பேனலில் தலையைச் சற்று நகர்த்தினாலே நிறம் மாறும், வேண்டாம்.

இருந்தாலும் மடிப்புகளை மீட்பது மானிட்டரின் வேலையல்ல. ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) திறந்து, ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச வரைபடம்) சிவப்பு நிறத்துக்கான சேனலை மட்டும் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டி நின்றால், அந்த ஒரு நிறத்தின் செறிவையும் வெளிச்சத்தையும் இறக்குங்கள். படம் எடுத்தபோதே அந்தச் சேனல் நிரம்பி வழிந்திருக்காவிட்டால் துணியின் மடிப்பு திரும்பி வரும். நல்ல திரை இருந்தால் எவ்வளவு இறக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அளவு 27 அங்குலம் போதும். 2560×1440 தெளிவுத்திறன் எனக்குப் பிடிக்கும். 4கே திரையில் எழுத்து அழகாக இருக்கும், ஆனால் படத்தின் இரைச்சல் புள்ளிகளும் (நாய்ஸ்) லேசான மங்கலும் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

கேலிபிரேட்டர் கட்டாயமா? ஆம். கை இறுக்கமாக இருந்தால் மானிட்டரில் ஒரு படி இறங்குங்கள், கேலிபிரேட்டரை விடாதீர்கள். கேலிபிரைட், ஸ்பைடர் என்ற இரண்டு பிராண்டுகளிலும் அடக்கமான விலை மாடல் உண்டு. மானிட்டரை அரைமணி நேரம் எரியவிட்டு, ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட், இரவு மஞ்சள் ஒளி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இலக்கு டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), காமா 2.2 (நடுத்தர வெளிச்சங்களின் அமைப்பு), 100 நிட்ஸ். திரையைப் பின்னால் லேசாகச் சாய்த்தால் கருவி இடைவெளியின்றி ஒட்டும். மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அதில் வரும் ப்ரொஃபைலை (திரையின் நிறத்தை விவரிக்கும் கோப்பு) லைட்ரூம், ஃபோட்டோஷாப் போன்றவை மதிக்கும். சில சாதாரணப் படம் பார்க்கும் செயலிகள் மதிக்காது, அங்கே நிறம் அடிக்கிற மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை எஸ்ஆர்ஜிபியில் சேமியுங்கள்.

முடிந்தவரை உள்ளூரில் வாங்குங்கள். சாம்பல் நிறத்தைத் திரை முழுவதும் போட்டு நான்கு மூலையையும் பாருங்கள். ஒரு மூலை மஞ்சளடித்தால் இந்தக் கேலிபிரேட்டர் அதைச் சரிசெய்யாது, மாற்றித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததைத் திருப்பி அனுப்புவது வீண் செலவு.

அப்புறம், அச்சு லேப்பில் அவர்களுடைய ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, திரையிலேயே அச்சு எப்படி வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "தானியங்கித் திருத்தம் போடாதீர்கள்" என்றும் சொல்லிவிடுங்கள். அது ஓடினால் நீங்கள் இறக்கி வைத்த ரோஜாவை இயந்திரம் மறுபடி ஏற்றிவிடும்.