பொறி பறக்கிறது, பஞ்சு பற்றவில்லையே?

கேள்வி: பாசிர் ரிஸ் பூங்காவில் பார்பிகியூ அடுப்பு மூட்டுவதற்காக ஃபயர் ஸ்டீல் (தகட்டால் சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் கம்பி) வாங்கினேன். முதலில் பொறியே வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் பஞ்சு பற்றவில்லை. எங்கே தவறு? (வாசகர், பிடோக்)

பதில்: புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். உரசும் பக்கத்தில் அதைச் சுரண்டி, வெள்ளி நிறம் தெரிந்த பிறகுதான் பொறி வரும். சுரண்டும் தகட்டின் விளிம்பு கூரான செங்கோணமாக இருக்கவேண்டும். முனை மழுங்கிய கத்தி முதுகு வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது கை வேகம். சரசரவென்று தேய்த்தால் பொறி பொடிப் பொடியாக வரும். பஞ்சைத் தொடுமுன் அணைந்துவிடும். அழுத்தி நிதானமாக இழுத்தால் பெரிய துணுக்குகள் உரிந்து, எரிந்துகொண்டே விழும். தகட்டைப் பஞ்சுக்கு மேல் அசையாமல் பிடித்து, கம்பியைத்தான் பின்னால் இழுக்கவேண்டும். தகட்டை முன்னால் தள்ளினால் கை இடித்துக் குவியல் சிதறும்.

பெரும்பாலும் பிழை பஞ்சில்தான். நம் சிங்கப்பூரில் காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். திறந்து வைத்த பஞ்சோ தேங்காய் நாரோ அதை உறிஞ்சிக்கொள்ளும். காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள். கலப்பில்லாத பருத்திப் பஞ்சே வேண்டும்; செயற்கை இழை உருகும். ஓர் உருண்டையில் பட்டாணி அளவு வாசலின் களிம்பைத் தேய்த்து, சிலந்தி வலைபோல மெல்லிசாகப் பிரியுங்கள். ஓரத்து இழைகள் வாசலின் படாமல் உலர்ந்திருக்கட்டும். பொறி முதலில் பற்றுவது அவற்றில்தான். வாசலின் சேர்ந்த பஞ்சு சில நிமிடம் நின்று எரியும். அதற்குள் தீக்குச்சியைவிட மெல்லிய சுள்ளிகளைச் சேர்த்துவிடலாம். வெறும் பஞ்சு அவ்வளவு அவகாசம் தராது.

கேள்வி: இதுவும் சிக்கிமுக்கிக் கல்லும் ஒன்றா? (வாசகர், ஈசூன்)

பதில்: இல்லை. அங்கே கல் இரும்பைச் செதுக்கும், பொறி இரும்பினுடையது. அது சூடு குறைந்தது, காற்றுப் புகாமல் கருக்கிய பருத்தித் துணி போன்றவற்றில்தான் பிடிக்கும். இங்கே செதுக்கப்படுவது கம்பி. சீரியம் கலந்த இந்த உலோகத்துக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றார். லைட்டருக்குள் இருக்கும் 'கல்'லும் இதே வகைதான்.

கேள்வி: கடற்கரைக்குக் கொண்டுபோன கம்பியில் சாம்பல் நிறத்தில் பொடி பூத்துவிட்டதே? (வாசகர், மரீன் பரேட்)

பதில்: உப்புக் காற்றின் அரிப்பு அது. சுரண்டித் துடைத்து, இலேசாக எண்ணெய் தடவி, தனிப் பையில் வையுங்கள். பூங்காவில் நெருப்பு, அதற்கென்று உள்ள பார்பிகியூ குழியில் மட்டும். புல்தரையில் வேண்டவே வேண்டாம்.