வரைபடத் தாள்களில் ஸ்கேல் குழப்பம்: எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி: இரண்டு மாடி வீடு ஒன்றுக்கு முதன்முறையாகத் தனியாக வொர்க்கிங் டிராயிங் (சைட்டில் பார்த்துக் கட்டும் வரைபடம்) தயாரிக்கிறேன். கட்டடம் 22 மீட்டருக்கு 14 மீட்டர். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நிஜ அளவில் வரைந்து, ஏ3 தாளில் 1:100 ஸ்கேலில் பிரிண்ட் எடுத்தேன். படிக்கட்டு தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று அதை மட்டும் நகல் எடுத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். 300 மி.மீ. மிதிபடி 600 என்று காட்டியது. எண்ணைக் கையால் மாற்றிவிட்டேன். இப்போது சைட்டில் ஸ்கேல் கட்டை வைத்து அளந்து பார்த்து, 4.2 மீட்டர் அறை 4 மீட்டர்தான் வருகிறது என்கிறார்கள். எங்கே தவறு? தாள்களை எப்படிப் பிரிப்பது?

பதில்: இரண்டு தவறுகள். சின்னதை முதலில் முடித்துவிடலாம். 1:100 ஸ்கேலில் 4.2 மீட்டர் என்றால் தாளில் 42 மி.மீ. அவர்களுக்குக் கிடைத்தது 40. அதாவது தாள் முழுவதும் ஏறக்குறைய 95 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. பிரிண்ட் கொடுத்தபோது ‘ஃபிட் டு பேஜ்’ (தாளுக்குள் அடங்கும்படி சுருக்குவது) தேர்வாகி இருந்திருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். எழுதிய அளவைத்தான் பார்க்க வேண்டும், ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்று தாளில் குறிப்புப் போடுவது வழக்கம், நீங்களும் போடுங்கள். ஆனாலும் அளப்பார்கள். ஓர் அளவு விட்டுப்போயிருந்தால் அவர்களுக்கு வேறு வழி என்ன?

பெரிய தவறு படிக்கட்டு. நாளைக்கு மிதிபடி 280 ஆகிறது என்று வையுங்கள். பிளானில் இருக்கும் அளவு தானாக மாறிவிடும். நீங்கள் கையால் எழுதிய 300 அப்படியே நிற்கும். ஒரே படிக்கட்டுக்கு ஒரே தாளில் இரண்டு அளவுகள்! எதை நம்பிக் கட்டுவது?

மாடல் ஸ்பேஸில், அதாவது நிஜ அளவில் வரையும் இடத்தில், எதையும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. 300 மி.மீ. என்றால் 300 தான். ஸ்கேல் என்பது லேஅவுட் தாளில் (பிரிண்டுக்கான பக்கத்தில்) வைக்கும் வியூபோர்ட்டுடைய, அதாவது வரைந்ததைக் காட்டும் சட்டத்துடைய வேலை. ஒருமுறை வரைந்த அதே படிக்கட்டை ஒரு வியூபோர்ட் 1:50 இல் பிளானோடு காட்டட்டும், இன்னொன்று 1:20 இல் தனியாகக் காட்டட்டும். கைப்பிடி, பூச்சு போன்ற நுணுக்கங்களைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, பிளான் வியூபோர்ட்டில் மட்டும் அந்த லேயரை ஃபிரீஸ் செய்து மறைத்துவிடலாம். ஸ்கேலைத் தேர்ந்தெடுத்த உடனே வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். மவுஸ் சக்கரம் ஒருமுறை தவறி உருண்டால் போதும், 1:50 என்று எழுதியிருக்கும் படம் 1:53 ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

சரி, எந்த ஸ்கேல்? காட்ட வேண்டிய மிகச் சிறிய பொருளைப் பாருங்கள். 20 மி.மீ. பூச்சு 1:100 இல் வெறும் 0.2 மி.மீ. சாதாரணமாக நாம் போடும் 0.25 கோட்டின் தடிமனைவிடக் குறைவு, வரைந்தாலும் தெரியாது. 1:5 இல் அதே பூச்சு 4 மி.மீ. மிதிபடியும் அப்படித்தான்: 1:100 இல் 3 மி.மீ., 1:20 இல் 15 மி.மீ. அதனால்தான் மனையின் அமைப்புக்கு 1:200 அல்லது 1:500, வொர்க்கிங் பிளானுக்கு 1:50, படிக்கட்டுக்கும் குளியலறைக்கும் 1:20, ஜன்னல் கட்டை, நீர்த்தடுப்பு போன்ற இடங்களுக்கு 1:10 அல்லது 1:5 என்று பழக்கமாகியிருக்கிறது. தாளில் இடம் போதவில்லை என்பதற்காக 1:75, 1:60 என்று போகாதீர்கள். பல ஸ்கேல் கட்டைகளில் அந்த முகம் இருக்காது.

அடுத்து தாள். உங்கள் கட்டடம் 1:50 இல் 440 க்கு 280 மி.மீ. அளவுக் கோடுகளுக்கு நான்கு பக்கமும் 60 மி.மீ. விட்டால் 560 க்கு 400. ஏ2 தாளே 594 க்கு 420 தான். மார்ஜினும் டைட்டில் பிளாக்கும் (தாளின் பெயர், ஸ்கேல் எழுதும் கட்டம்) போனால் அடங்காது. ஏ1 தாள் 841 க்கு 594, அதில் தாராளமாக அடங்கும். ஒரு மாடிக்கு ஒரு தாள். மிச்சமிருக்கும் இடத்தில் வேறு எதையாவது செருகலாமே என்று கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். ரிவிஷன் (திருத்தக்) குறிப்புகளுக்கு அந்த இடம் வேண்டியிருக்கும்.

ஏ1 தாளால் இன்னொரு வசதி உண்டு. அதை ஏ3 ஆகக் குறைத்தால் நீளமும் அகலமும் சரிபாதி: 1:50 அப்படியே 1:100 ஆகிவிடும். ஆகவே டைட்டில் பிளாக்கில் ‘ஏ1 தாளில் 1:50, ஏ3 தாளில் 1:100’ என்று இரண்டையும் எழுதுங்கள். ஏ2 ஆகக் குறைத்தால் 1:50 ஏறக்குறைய 1:71 ஆகும், யாருக்கும் பயனில்லை. இதைத் தொடக்கத்தில் நானும் கவனிக்கவில்லை. அப்படி ஒரு ஏ2 நகலில் ஸ்கேல் வைத்து அளந்தவரோடு அரை மணி நேரம் போனில் சண்டை போட்ட பிறகுதான் உறைத்தது. எழுத்தையும் யோசியுங்கள். 2.5 மி.மீ. எழுத்து ஏ3 இல் 1.25 ஆகிவிடும், வெயிலில் நின்று படிக்க முடியாது. ஏ1 இல் 3.5 வையுங்கள். அனோட்டேட்டிவ் எழுத்தாக வைத்தால் ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

தாள்களின் வரிசைக்கு அமெரிக்க கேட் (கணினி வரைபட) தர விதியின் எண் முறை எளிது. முதல் எழுத்து துறை: ஏ என்றால் கட்டடக்கலை, எஸ் என்றால் ஸ்ட்ரக்சர். அடுத்த இலக்கம் வகை: 0 பொதுக் குறிப்புகள், 1 பிளான், 2 எலிவேஷன் (வெளித்தோற்றம்), 3 செக்‌ஷன் (வெட்டுத் தோற்றம்), 4 பெரிதாக்கிய பகுதிகள், 5 டீடெயில், 6 ஷெட்யூல் (கதவு, ஜன்னல் போன்றவற்றின் பட்டியல்). ஏ-101 தரைத்தளம், ஏ-102 முதல் தளம். உங்கள் படிக்கட்டு ஏ-401. நடுவில் ஒரு தாள் சேர்ந்தாலும் மற்ற எண்கள் குலையாது.

எல்லா பிளானிலும் வடக்கு ஒரே பக்கம் இருக்கட்டும், கட்டடம் தாளில் ஒரே இடத்தில் உட்காரட்டும். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால் மேல்சுவர் கீழ்ச்சுவர் மேல் நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம், கதவின் அளவை ஷெட்யூலில் மட்டும் எழுதுங்கள். பிளானில் அதன் அடையாள எண் போதும்.

அனுப்புவதற்கு முன் ஒரு காரியம். ஒவ்வொரு பிளான் தாளிலும் 10 மீட்டர் ஸ்கேல் பட்டை ஒன்று வரைந்து, ஏ3 இல் ஒரு பிரதி எடுத்துச் சாதாரண அடிக்கோலால் அளந்து பாருங்கள். 1:100 இல் அது 100 மி.மீ. இருக்க வேண்டும். 95 வந்தால், அந்த ‘ஃபிட் டு பேஜ்’ இன்னும் போகவில்லை.