மகள் பயிற்சி எஸ்.ஐ. ஆகிறாள்: சிபாரிசு தேடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து மகள் செய்முறைப் பயிற்சிக்காக ஸ்டேஷனுக்குப் போகப்போகிறாள், வீட்டுக்குப் பக்கத்தில் தொல்லையில்லாத ஸ்டேஷனாகக் கேட்டு வாங்க வழி உண்டா என்று எழுதியிருந்தீர்கள். பெற்றவளுக்கு வரும் பயம்தான். ஆனாலும் அந்த முயற்சியை இத்தோடு விட்டுவிடுங்கள். கேஸே வராத இடத்தில் பயிற்சி எடுத்தவர், பிறகு கேஸ் குவியும் ஸ்டேஷனில் பொறுப்பேற்கும்போது தனியாகத் திண்டாடுவார். இப்போது அவள் தடுமாறினால் பிடித்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் இருக்கிறார், எழுதியதைத் திருத்த ஏட்டையா இருக்கிறார். தவறு செய்து கற்றுக்கொள்ள இப்படி ஒரு காலம் அவளுக்கு மறுபடி கிடைக்காது.

கவாத்து, துப்பாக்கி, சட்டம் எல்லாம் அகாடமியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நகை போச்சு என்று அழுதுகொண்டே வருபவரிடம் முதலில் எதைக் கேட்பது என்பதை ஸ்டேஷனில்தான் கற்க முடியும். முதல் சில வாரம் அவள் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது பதிவேடுகளை எழுதும் ஏட்டு, பக்கத்திலேயே உட்காரட்டும். ஜி.டி. என்கிற ஸ்டேஷன் தினசரிக் குறிப்பை எழுதுவது எப்படி, எந்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ரசீது) கொடுப்பது, எதற்கு உடனே எஃப்.ஐ.ஆர். போடுவது, ரிமாண்டுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோளில் இரண்டு நட்சத்திரம் இருக்கும்போது ஏட்டிடம் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டால் நஷ்டம் அவளுக்குத்தான்.

அவளிடமிருந்து ஸ்டேஷன்காரர்கள் கற்கவும் ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவதற்கான பழைய 154-வது பிரிவு இப்போது 173. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்க, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். பல வருடம் பழைய பிரிவுகளிலேயே எழுதிப் பழகிய கைகளுக்கு நடுவில், புதுச் சட்டத்தைப் படித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு மதிப்பு இருக்கும். அதைப் பணிவோடு சொல்லத் தெரிந்தால் போதும்.

மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பதிவு, விஷயத்தில் மட்டும் அவள் கறாராக இருக்க வேண்டும். சம்பவ இடத்துக்குப் போய், சாட்சிகளை வைத்துக்கொண்டு, அங்கேயே எழுத வேண்டியது அது. "ஸ்டேஷன்ல உக்காந்து எழுதிக்கலாம்மா, எல்லாரும் அப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். பல வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, வாசல் கிழக்கே பார்த்ததா மேற்கே பார்த்ததா, தெருவிளக்கு எத்தனை அடி தள்ளி இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அங்கே நின்று எழுதியவருக்குத்தான் பதில் வரும். கோர்ட் டியூட்டிக்குப் போகும் நாளில் வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல், ஒரு விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்வதை முழுதாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த வகுப்பும் அதற்கு ஈடாகாது.

இரவு நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரவுண்ட்ஸ் உண்டு, திருவிழா பந்தோபஸ்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பாலியல் குற்றம் பற்றி ஒரு பெண் புகார் சொல்ல வந்தால் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்பது சட்டம். நள்ளிரவில் அந்த ஸ்டேஷனில் இருக்கும் ஒரே பெண் அதிகாரி உங்கள் மகளாக இருக்கலாம். வந்தவளைத் தனியாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கப் பேசவிட்டு, பிறகு அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1973-ல் பெண்கள் காவல் துறைக்குள் வந்தபோது இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பது பெரிய விஷயம். இன்றும் பெரிய விஷயம்தான்.

முதல் பிரேத விசாரணைக்கு ஜி.எச். பிணவறைக்குப் போய்வந்த அன்று அவள் சாப்பிடாமல் படுக்கலாம். இந்த வேலை வேண்டாம், வந்துவிடு என்று அன்றைக்குச் சொல்லிவிடாதீர்கள். அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு வருகிறேன்: அடிப்பதைப் பார்த்துப் பார்த்து அவளும் மாறிவிடுவாளா? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, சில நாளில் உயிரிழந்தார்கள். அடி விழுந்த இரவு அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலமாகச் சொன்னார். இரண்டு வகை மனிதரும் ஒரே ஸ்டேஷனில் இருந்தார்கள். யாரைப் பார்த்துப் பழக வேண்டும் என்பதை மகளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதில் குறுக்குவழி காட்டுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவளுக்கு ஆசான் ஆக முடியாது.

தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், எழுதட்டும். ஆனால் அக்காவைப் போல நேரே ஸ்டேஷன் வேலை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் முதலில் ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படை, அங்கிருந்து சில வருடம் கழித்துத்தான் ஸ்டேஷன். பட்டப்படிப்பை முடித்துவிடுவான் என்றால், அவனும் எஸ்.ஐ. தேர்வுக்கே தயாராகட்டும்.