கள்ளிப் பூச்சியும் கல்யாண லிப்ஸ்டிக்கும்

வாசகியர் கேள்விகளுக்குக் கோபிசெட்டிபாளையம் அழகுக்கலைஞரின் பதில்கள்

விலங்குப் பொருள் சேராத வீகன் மேக்கப் ஒரு செட் வாங்கியிருக்கிறேன், போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று இரண்டு மாதத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் முடி உதிர்தல், பருக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆபீஸில் எல்லோரும் வீகன், கிளீன் என்று பேசுகிறார்கள். நான் இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்கு விலை. நீங்கள் போட்டுப் பார்த்ததில் என்ன வித்தியாசம் தெரிந்தது?
– வாசகி, திருப்பூர்

சித்திரை முதல் வாரம் வாங்கினேன். முதலில் பூசும் பிரைமர், அதன்மேல் முகத்து நிறத்துக்குப் பவுண்டேஷன், கறை மறைக்கும் கன்சீலர், கன்னச் சிவப்புக்குக் கிரீம் பிளஷ், லிப்ஸ்டிக், இமை முடிக்கு மஸ்காரா என ஆறு பொருள், எல்லாம் ஒரே கம்பெனி. ஆறு வாரம் என் முகத்தில் மட்டும் போட்டேன். 19 வருடமாகப் பார்லர் நடத்துகிறேன், எனக்கே தெரியாத பொருளை இன்னொரு பெண்ணின் முகத்தில் வைத்ததில்லை. காலை ஒன்பது மணிக்குப் போடுவது, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் வெளிச்சத்தில் நின்று கண்ணாடி பார்த்து நோட்டில் எழுதுவது. அப்படித்தான் செய்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிளஷ் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. விரலால் தொட்டுக் கன்னத்தில் தடவினால் தோலோடு தோலாகச் சேர்கிறது. லிப்ஸ்டிக் மூன்று டீ தாங்கியது. ஸ்கூட்டர் பெட்டியில் மறந்து வைத்த அன்றைக்கு மட்டும் மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்த்திருந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பவுண்டேஷன்தான் மனசுக்கு நிறைவில்லை. கடை விளக்கில் சரியாகத் தெரிந்த நிறம், வெளியே வந்தால் முகத்தில் சாம்பல் பூத்தது போல இருந்தது. பவுண்டேஷனில் வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடு. வெள்ளை கூடி மற்றவை குறைந்தால் நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல்தான் தட்டும். அந்த வரிசையில் இருந்த எட்டு நிறத்தில் ஐந்து வெளுத்த நிறம். வெயில் தேசத்தில் விற்கிற பொருளை இப்படிச் செய்கிறார்களே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மஸ்காராவும் ஒரு மத்தியானம் வண்டியில் போய் வந்ததற்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிட்டது.

சரி, வீகன் என்றால் என்ன? விலங்கு, பூச்சியிலிருந்து எடுத்த எதுவும் அதில் இல்லை என்று அர்த்தம். சாதாரண மேக்கப்பில் இவை எங்கே இருக்கின்றன என்று கேட்பீர்கள். பல லிப்ஸ்டிக்குகளைக் கட்டியாக்குவது தேன்மெழுகு. வழவழப்புக்கு லனோலின், அது செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. சில கிரீம்களில் சுறாவின் ஈரலிலிருந்து வரும் ஸ்குவாலீன். வீகன் பொருளில் தேன்மெழுகுக்குப் பதில் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னபா மெழுகும், மெக்சிகோவின் ஒரு புதர்ச்செடியிலிருந்து எடுக்கும் கேண்டெலிலா மெழுகும் போடுகிறார்கள். ஸ்குவாலீன் வகையை இப்போது கரும்பிலிருந்தும் ஆலிவிலிருந்தும் எடுக்கிறார்கள்.

சிவப்பு நிறத்தின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்மைன் என்ற சிவப்புச் சாயம், கள்ளியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுப்பது. உலகத்துக்கு அதிகம் அனுப்புவது பெரு நாடு. அந்தப் பூச்சியின் உறவுக்காரப் பூச்சி நம் ஊரிலும் உண்டு. பெருந்துறைப் பக்கம் என் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்து வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளிதான். அதில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். குச்சியால் நசுக்கினால் ரத்தச் சிவப்பாகக் கறை பிடிக்கும், நாங்கள் நகத்தில் பூசிக்கொண்டு திரிவோம். கள்ளி மிஞ்சிப்போனதால் அதை அழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து இந்த வகைப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். லிப்ஸ்டிக் டப்பாவின் பின்னால் கார்மைன் என்றோ, அதன் சாய எண்ணான சி.ஐ. 75470 என்றோ போட்டிருந்தால், அந்தப் பூச்சிச் சாயம்தான். இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்பவர்களுக்கு உதவும்.

கிளீன் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த விளக்கமும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தானாக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, இதெல்லாம் எங்களிடம் இல்லை என்கிறது. அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஜீவனைக் கொல்லாத பொருள் வேண்டும் என்று உங்களுக்கு மனதில் இருந்தால் லிப்ஸ்டிக்கும் பிளஷும் வாங்குங்கள். பவுண்டேஷனுக்கு நான் இரண்டு மடங்கு கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் பனியன் கம்பெனியில் இருப்பதால் சொல்கிறேன். சரக்கு வாங்குகிற பையர் கம்பெனி அனுப்பும் ஆடிட் ஆட்கள் வந்து குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள் இல்லையா? மேக்கப்பில் மினுமினுப்பது மைக்கா, அதாவது அபிரகம். ஜார்க்கண்டில் பிள்ளைகள் குழிக்குள் இறங்கி அதைப் பொறுக்குவது பல முறை செய்தியாக வந்திருக்கிறது. அபிரகம் கல், அதனால் வீகன் என்ற முத்திரைக்கு அது தடையில்லை. பிள்ளைகள் கைபடாமல் ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவும் இருக்கிறது. கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் தானே? முயல் படம் எதற்கு?
– வாசகி, பொள்ளாச்சி

இல்லைங்க. பச்சைப் புள்ளி சைவம். நம் வழக்கில் பாலும் தேனும் சைவம்தான், வீகனில் இரண்டும் சேராது. முயல் படம், விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பதற்கு. அப்படிச் சோதிப்பதை நம் நாடு 2014-லேயே தடை செய்துவிட்டது, சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் அதே வருடம் தடை வந்தது. ஆனால் முயல் படம் போட்ட லிப்ஸ்டிக்கில் தேன்மெழுகு இருக்கலாம். வீகன் என்ற சொல்லே 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அப்போது தொடங்கிய வீகன் சங்கத்தின் சூரியகாந்தி முத்திரை சில டப்பாக்களில் இருக்கும்.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். மேக்கப் முழுக்க வீகனாகத்தான் வேண்டும் என்கிறாள். மதியம் விருந்து வரை நிற்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பவானி

நிற்கும் அம்மா, ஆனால் ஒத்திகை பார்க்காமல் நிற்காது. ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி முழு மேக்கப்பும் போட்டு, மத்தியானம் இரண்டு மணி வரை வீட்டு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். சமையல்கட்டிலும் நிற்கட்டும். மண்டபத்தில் வீடியோ விளக்கின் சூடு அப்படித்தான் இருக்கும். பவுண்டேஷன் நிறத்தைக் கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, வெளியே பகல் வெளிச்சத்தில், கழுத்தோடு சேர்கிறதா என்று பாருங்கள். மெல்லிசாக இரண்டு தடவை பூசி, நடுவில் பவுடர் ஒற்ற வேண்டும். தடிமனாக ஒரே தடவை பூசினால் மூக்கோரம் பிரிந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. மஸ்காரா வாட்டர்புரூபாக இருக்க வேண்டும். தாலி ஏறும் நேரத்தில் அழாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெண்கள் மறந்துவிடுகிற ஒன்று பிரஷ். பவுடர் பிரஷ்ஷில் பல ஆட்டு முடியில் செய்தவை. நைலான் பிரஷ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற இமை முடியிலும் மிங்க் என்ற விலங்கின் முடி உண்டு. சில பவுடர்களில் பட்டுத்தூள் இருக்கும்.

பட்டு என்றதும் ஒரு பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். எங்கள் கோபிப் பக்கம் மல்பெரித் தோட்டம் அதிகம், அவள் அப்பா பட்டுப்புழு வளர்க்கிறவர். சின்ன வயதில் அவளே தட்டில் இலை போட்டவள். கூட்டை வேகவைக்கும்போது உள்ளே புழு இருக்கும் என்று தெரிந்தவள். என் முகத்துக்கு மட்டும் பட்டுத்தூள் வேண்டாங்க அக்கா என்றாள். ஆனால் பாட்டி எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். புடவை பட்டு, மேக்கப் மட்டும் வீகனா என்று உங்கள் மகளையும் சொந்தத்தில் யாராவது கேட்பார்கள். நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள். தன் கைக்கு எட்டிய இடத்தில் அந்தப் பிள்ளை தொடங்கியிருக்கிறது.

இயற்கையானது, கெமிக்கல் இல்லாதது என்று ஒரு முகக் கிரீம் வாங்கினேன். மூன்றாம் நாள் கன்னமெல்லாம் கொப்புளம். இயற்கைப் பொருள் எப்படித் தீங்கு செய்யும்?
– வாசகி, ஈரோடு

முதலில் கிரீமை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள், அவர் படிக்க வேண்டியது அதன் பின்பக்கம்தான்.

சேங்கொட்டை இயற்கைதானே? அதன் பால் பட்டால் தோல் பொத்துப்போகும். என் கதையும் இதுதான். நான் வாங்கிய செட்டில் பிரைமர் நல்ல லாவெண்டர் வாசம். நாலாம் நாள் இரண்டு காதுக்குக் கீழேயும் சிவந்து தடித்துவிட்டது. வாசனைக்காகச் சேர்க்கும் எண்ணெய்களில் லினலூல், லிமோனீன் என்று சில பொருட்கள் இருக்கின்றன. காற்றுப் பட்டுப் பழசாக ஆக, அவை தோலை அதிகம் உறுத்தும். அந்தப் பிரைமரை அன்றே நிறுத்திவிட்டு மற்ற ஐந்தை மட்டும் தொடர்ந்தேன். வீகன் என்பது பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. இனி எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவே இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி சாயங்காலம் என்ன ஆகிறது? தண்ணீர் சேர்ந்த கிரீமும் அப்படித்தான், கிருமி பிடிக்கும். பாரபென் என்ற பிரிசர்வேட்டிவ் வகை எல்லாமே விஷம் என்றும் இல்லை. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வகைப் பாரபெனைத்தான் தடை செய்தது, மற்ற சிலவற்றை அளவோடு அனுமதிக்கிறது. டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படமும் உள்ளே 6 எம், 12 எம் என்றும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம். மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் மாமியார் வீட்டில் விளக்குக் கரியில் மை செய்கிறார். அது வீகனா? குழந்தைக்கு இடலாமா?
– வாசகி, காங்கேயம்

கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெயில் விளக்கேற்றி, அதே எண்ணெயில் குழைத்தால் வீகன். நெய்யில் குழைத்தால் இல்லை. பல லிப்ஸ்டிக்குகளிலும் அதிகம் இருப்பது அந்தக் கொட்டமுத்து எண்ணெய்தான், மாமியாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஆனால் கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா என்ற கண்மைத் தூளில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், அதைப் பெரியவர்களும் தொட வேண்டாம்.

குங்குமம் வைப்பதானால், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்ததாக இருந்தால் நல்லது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நம் கைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் பொருள். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்த பெண்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். திட்டு தெரிந்தால் அன்றே ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். கையில் 400 ரூபாய்தான். தோழிகள் ஒரு வெள்ளையாக்கும் கிரீம் வாங்கலாம் என்கிறார்கள். டப்பாவில் கம்பெனி விலாசம் இல்லை. வாங்கலாமா, இல்லை வீகன் லிப்ஸ்டிக்கா?
– கல்லூரி மாணவி, சத்தியமங்கலம்

அந்தக் கிரீம் வேண்டாம் கண்ணு, தோழிகளையும் வாங்க விடாதே. இப்படி விலாசமில்லாமல் வரும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். லைசென்ஸ் எண், பேட்ச் எண், விலாசம், காலாவதித் தேதி, இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அந்த டப்பாவைக் கையில் எடுக்காதே. உன் 400 ரூபாய்க்கு நல்ல லிப்ஸ்டிக் ஒன்று கிடைக்கும். செங்கல் நிறம் எடு. உதட்டுக்கும் ஆகும், விரலால் தொட்டுக் கன்னத்துக்கும் ஆகும். வாங்குமுன் பின்பக்கம் அந்தப் பூச்சிச் சாய எண் 75470 இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எழுத்து பொடியாக இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படி.