குரல் களைத்தால் போர்ச்சுகீசிய மெய்யொலிகள் ஏன் மாறுகின்றன?

பாடம் நடத்தும் போர்ச்சுகீசிய ஆசிரியர்களுக்கு மாலையில் எந்த மெய் முதலில் கெடும் என்று கேட்டிருந்தீர்கள். அதிர்வோடு உரசும் ஒலிகள்தான். 'காஸா' என்ற சொல்லில் ஸகரம் வண்டுபோல் ரீங்கரித்தால் வீடு என்று பொருள். வெறுங்காற்றாக வந்தால் வேட்டை. (தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்!) ரீங்காரத்துக்குக் குரல்நாண் அதிரவும் வேண்டும், பல்லருகே காற்று உரசவும் வேண்டும். நாண் வீங்கினால் அதிர்வு பாதியில் அறுந்துவிடும்.

இதைச் சோதிக்க, ஆழ மூச்சிழுத்து வெறும் 'ஸ்ஸ்', பிறகு ரீங்கார 'ஸ்ஸ்', தலா மூன்று முறை முடிந்தவரை நீட்டிச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மிக நீண்ட நேரத்தை மட்டும் எடுத்து முதலதை இரண்டாவதால் வகுங்கள். 1-ஐ ஒட்டி வரவேண்டும். 21 விநாடி, 14 விநாடி என்றால் 1.5 வரும். 1.4-ஐத் தாண்டினாலே குரல்நாணை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சின் அளவு முறைக்கு முறை மாறினால் கணக்கு பொய்க்கும்.

போர்ச்சுகல்காரர்களிடம் இயல்பிலேயே இந்த ரீங்காரம் அடிக்கடி தேயும். அதனால் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தால், அவரவர் காலைப் பதிவோடுதான் மாலைப் பதிவை ஒப்பிட வேண்டும்.