கோப்பை கழுவுகிறவரும் மேசையில் இருப்பவரும்

அன்புள்ள ஐயா,
லண்டன் ரிவர் கஃபே உணவகத்தை ஒரு கட்டுரையில் மெச்சியிருந்தீர்கள். பழைய ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்டு இத்தாலியின் டஸ்கனிப் பக்கத்து ஏழைகள் காய்ச்சிய ரிபொல்லித்தா சூப்பை அங்கே பணக்காரர்களுக்குக் கொள்ளை விலையில் விற்கிறார்கள். நிறுவியவரின் கணவர் பெரிய கட்டடக் கலைஞர் என்பதால் வந்த பெயர்தானே? இதில் மரபு என்று என்ன இருக்கிறது? அப்புறம், அவர்களுடைய சாக்லேட் நெமஸிஸ் கேக் வீட்டில் சரியாக வருமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விலை அதிகம்தான். சரி, மேலே போவோம்.

நீங்கள் சொல்லும் கணவர் ரிச்சர்ட் ராஜர்ஸ், பாரிஸின் பொம்பிடு கலை மையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். ஆனால் 1987-இல் அவர் மனைவி ரூத் ராஜர்ஸும் ரோஸ் கிரேயும் ஹாமர்ஸ்மித்தில் தேம்ஸ் கரையில் திறந்தது, அவருடைய அலுவலகத்தாருக்கான மதியச் சாப்பாட்டுக் கூடம். வளாகத்தில் வேலை செய்யாத எவருக்கும் பரிமாறக் கூடாது என்று ஆரம்பத்தில் உள்ளூராட்சி கட்டுப்பாடு போட்டிருந்தது. கணவரின் செல்வாக்கு அந்த லட்சணம்! இரண்டு பேருமே முறையாகச் சமையல் படித்தவர்கள் அல்லர். ரோஸ் இத்தாலியில் லூக்கா பக்கம் வாழ்ந்து கற்றார். ரூத்துக்கு இத்தாலிய மாமியார் சொல்லிக்கொடுத்தார். படிக்காமல் பழி போடுவது சுலபம், தம்பி.

மரபு பற்றிக் கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். யாழ்ப்பாணத்திலிருந்து போன என் மச்சான் அண்மையில் ஓய்வு பெற்றார். லண்டனில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் உரித்து, கடைசியில் பாஸ்தா அடுப்புக்கு வந்தவர். தான் சமைத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. முன்னால் பரிமாறியவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. நடுவில் ஆடும் கதவு ஒன்றுதான் உறவு.

ரிவர் கஃபேயில் பரிமாறுகிறவர்களும் காலையில் வந்து கீரை ஆய்கிறார்கள், அவரைக்காய் உரிக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மதியத்துக்கு ஒரு பட்டியல், இரவுக்கு இன்னொன்று என்று அங்கே ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வழியில்லை. தட்டில் இருக்கும் கீரை காலையில் தன் விரலில் ஒட்டிய கீரை என்பதால்தான் பரிமாறும் பையனால் அதைப் பற்றிப் பேச முடிகிறது. 2008 தீ விபத்துக்குப் பிறகு சமையற்கட்டையும் திறந்தே வைத்துவிட்டார்கள். அடுப்படியில் நிற்பவரும் மேசையில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்ப அங்கே மூஞ்சியைக் கழுவிக்கொண்டுதான் சமைக்க வேணும்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

அந்த அடுப்படியிலிருந்து வெளியே போனவர்களை எண்ணிப் பாருங்கள். பின்னாளில் பெயர்பெற்ற சமையற்காரர்களான ஜேமி ஆலிவர், ஏப்ரல் புளூம்ஃபீல்ட், லண்டனில் மோரோ உணவகத்தைத் தொடங்கிய கிளார்க் தம்பதி. ரோஸ் 2010-இல் இறந்தார்; கடை நிற்கவில்லை. நீங்கள் ரசீதை மட்டும் பார்த்துவிட்டு மரபு எங்கே என்கிறீர்கள்.

திட்டிக்கொண்டே கேக் செய்முறையும் கேட்கிறீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 1995-இல் வந்த அவர்களுடைய புத்தகத்தைப் பார்த்துச் செய்து, சரியாக வராமல் புலம்பியவர்கள் பலர். மாவே கிடையாது; சாக்லேட், முட்டை, வெண்ணெய், சர்க்கரை மட்டும். வெந்நீர்த் தட்டில் வைத்து மிதமான சூட்டில் வேகவிடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். அவசரக்காரர் நீங்கள், அதனால் இரண்டாவது தடவை வரும்.