வெனீர் போடப் போறீங்களா? கேட்டவைக்குப் பதில்கள்

அலமாரி, கதவுகளுக்கு வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தாள் ஒட்டிய ஷீட், ஒட்டுவதைப் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகள் இவை. மரவேலையும் பாலிஷும்தான் என் தொழில் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், கடைக்காரர் அசல் தேக்கு என்கிறார். ஆசாரி அது வெறும் தாள் என்கிறார். யாரை நம்புவது?

இருவர் சொல்வதும் சரி. தேக்கை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, மெல்லிய ப்ளைமேல் ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 4 மி.மீ. கனம், 8க்கு 4 அடி ஷீட். மேலே இருப்பது மரம்தான், ஆனால் கனமே இல்லை. விளிம்பில் மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே இழுப்பில் அடி ப்ளை பல்லை இளிக்கும். உப்புத்தாளைக் கையில் பிடித்து, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கச் சொல்லுங்கள்.

ரீகான் என்று விற்கிற வெனீர் வேறு. மலிவான மரத்தைச் சீவி, சாயமேற்றி, ஒட்டி, மறுபடி சீவியது. எல்லா ஷீட்டும் ஒரே அச்சாக இருக்கும். அது பிடித்தால் வாங்கலாம், தவறில்லை. தேக்கு விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அண்ணா, நாலு கதவு வார்ட்ரோப், மேலே லாஃப்ட். பக்கத்து வீட்டில் கதவுக்குக் கதவு ரேகை மாறி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஆகாமல் இருக்க?

நல்ல கேள்வி தம்பி. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

கடையில் ஒரே கட்டிலிருந்து, ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவிய ஷீட்களாகக் கேளுங்கள். பின்பக்கம் வரிசை எண் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே சாக்பீஸால் எண் போட்டுவிடுங்கள். ஷீட்டைப் படுக்கவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் நிற்கப்போகிற மாதிரியே சுவரில் சாய்த்து, வெயில் வெளிச்சத்தில், நாலு தப்படி தள்ளி நின்று பாருங்கள். ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தால் பாலிஷுக்குப் பின் வரும் நிறம் ஓரளவு தெரிந்துவிடும்.

ரேகை மலைமலையாக எழும்பினால் கிரவுன் கட், நேர்கோடாக ஓடினால் குவார்ட்டர் கட். அகலக் கதவுக்குக் கிரவுன் அழகு. சின்னச் சின்ன டிராயர் நிறைய இருந்தால் குவார்ட்டர்தான் நிம்மதி, வெட்டினாலும் முகம் மாறாது.

ஒரு ஷீட்டில் இரண்டு கதவு எடுக்கலாம். ரம்பம் தின்பதுபோக ஒவ்வொன்றும் 2 அடிக்குச் சற்றுக் குறைவாகவே வரும், டிசைனை அதற்கேற்பப் போடுங்கள். லாஃப்டோடு சேர்ந்து உயரம் 8 அடியைத் தாண்டினால் ரேகை கட்டாயம் முறியும். லாஃப்டுக்குச் சுவர் நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவது என் வழக்கம். அரைகுறையாகப் பொருந்துவதற்கு, பொருந்தாமலே இருப்பது தேவலை.

வெட்டிய துண்டெல்லாம் மேல்பக்கம் அம்புக்குறி போடுங்கள். ஆரம்ப காலத்தில் நான் போடாமல் விட்ட ஒரு கதவில் மலை தலைகீழாக நின்றது. பாலிஷ் ஏறிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஷீட் காசு என் கையிலிருந்து போயிற்று.

சமையலறைக்கு வெனீர் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். போடலாமாங்க?

மேல் அலமாரிக்குப் போடலாம்மா. சிங்குக்குக் கீழேயும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே மைக்காவே போதும். தாளிக்கிற பிசுக்கைத் தினமும் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் எந்தப் பாலிஷும் ஓரத்தில் விட்டுக்கொடுக்கும்.

வாசல் கதவுக்கு ஃப்ளஷ் டோரில் (இருபுறமும் ப்ளை வைத்த தட்டைக் கதவில்) வெனீர் ஒட்டினால் செலவு மிச்சமாகுமே?

வெயிலும் சாரலும் படுகிற கதவுக்கு முழு மரம் போடுங்கள். உள்ளறைக் கதவுக்கு வெனீர் தாராளமாக ஒட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இழுப்பு சமமில்லாமல் கதவு வளைந்துவிடும். மேல், கீழ் விளிம்புகளுக்கும் சீலர் அடிக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். யாரும் பார்க்காத இடம் என்று விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் ஏறும்.

மேலே அடிக்கிற பாலிஷ் மெலமைனா, பியூவா (பாலியூரித்தேன்)?

பியூ உறுதி, விலையும் அதிகம். மெலமைன் மலிவு, நாளாக மஞ்சளடிக்கும். பட்ஜெட் இடித்தால் கதவுகளுக்குப் பியூ, உள்தட்டுகளுக்கு மெலமைன். பளபளப்பைவிட மேட்தான் கீறலை மறைக்கும். எதுவானாலும் நீங்கள் வாங்கிய ஷீட்டின் துண்டிலேயே மாதிரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள், கடை அட்டையை நம்பாதீர்கள். சென்னைக்காரர்கள் நவம்பர் மழையில் பாலிஷ் வேலை வைக்காதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு வெள்ளை பூத்துவிடும்.

ஓக் வெனீரில் கருப்புப் புள்ளிகள். பூஞ்சையா?

இரும்புத் தூளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீல் உல்லால் (இரும்பு நாரால்) தேய்த்தார்களா? ஓக்கில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுக்கும். மேலே பாலிஷ் ஏறாதிருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கறையை எடுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு நன்றாகக் கழுவித் துடையுங்கள்.

ஜன்னலோரம் வால்நட் போட்டால் கறுத்துவிடுமா அண்ணா?

வால்நட் வெளுக்கும். தேக்குதான் திட்டுத்திட்டாக இருந்தது வெளிச்சம் பட்டுப் பட்டு ஒரே பொன்பழுப்பாகும். எந்த மரமானாலும் முதல் சில மாதம் அதன்மேல் காலண்டர் மாட்டாதீர்கள், கழற்றினால் சதுரம் தெரியும்.